ஏழாம் மணி

எனக்கு அழுகை வராது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த வேலைக்கு அதுதான் தகுதி. நேர்காணல் செய்த அம்மாள், செத்துப்போன என் தம்பியின் போட்டோவை என் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போட்டோவைப் பார்த்தேன். சட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஆணி மாற்ற வேண்டும் என்றேன். மறுநாளே வேலைக்கான ஆணை வந்துவிட்டது.

பதவிக்கு மரண அமைதிப் பணியாளர் என்று பெயர். ஊரில் அப்படி யாரும் சொல்வதில்லை. ஆறு மணிக்காரி என்பார்கள். யார் வீட்டிலாவது உயிர் பிரிந்தால் போன் வரும். நான் போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த ஆறு மணி நேரத்தில் அந்த வீட்டில் யாரும் அழக் கூடாது, பேசக் கூடாது, செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பையில் ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு, கடிப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஈரத்துண்டு. அவ்வளவுதான் சாமான்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் முதலில் சட்டம் போட்டார்கள். நம் ஜனம் கேட்குமா? பிணத்தைத் தனியாகப் போட்டுவிட்டுப் போவதா என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சுடுகாட்டிலோ எப்போதும் வரிசை, செத்த கையோடு கொண்டுபோய் எரிக்கவும் முடியாது. அதனால்தான் இப்படி ஒரு வேலையே உண்டானது.

போன மாசம் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவரின் வீட்டில் அவருடைய மகன் என்னிடம் சண்டைக்கு வந்தார். ராஜதுரை என்று பெயர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார், அந்தப் பக்கம் இந்தச் சட்டத்தின் காரணம் அரைகுறையாகத்தான் தெரியும். முகம் போன போக்கைப் பார்த்து, கையைப் பிடித்துத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போனேன்.

“எங்க அப்பா செத்துக் கெடக்காவ. வாயில துண்டை வச்சிக் கடிங்கிறியளே, நீங்கல்லாம் ஒரு மனுஷியா?”

“கத்தணும்னா இங்கன நின்னு கத்துங்க தம்பி. அங்க வேண்டாம். காது மருந்து ஞாபகம் இருக்கா?”

“செவிட்டுக்குப் போட்ட ஊசிதான?”

“அதேதான். செத்த காது நரம்பைத் திரும்ப முளைக்க வைக்கதுக்கு ஒரு கிருமியைப் பழக்கிவிட்டாவ. நல்ல கிருமிதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனா ஊசி போட்டவங்களோட நிக்காம தும்மல்ல இருமல்ல ஊருக்கே ஒட்டிக்கிட்டு. இப்ப உங்ககிட்டயும் இருக்கு, எங்கிட்டயும் இருக்கு. உயிரோட இருக்கையில ஒரு தொந்தரவும் கிடையாது. உயிர் போனாத்தான் வினை. உடம்பு பூரா செத்தாலும் அந்த நரம்பு சாகாது. ஆறு மணி நேரம் கேட்டுக்கிட்டே கெடக்கும்.”

“கேட்டா கேட்டுட்டுப் போகுது.”

“தெரிஞ்ச குரலாக் கேட்டா எந்திரிச்சிரும் தம்பி.”

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எந்திரிச்சி?”

“குரல் வந்த இடத்துக்குப் போவும். கடிக்காது, கிழிக்காது. கட்டிப்பிடிக்கும். பெறகு விடாது. நெஞ்செலும்பு நொறுங்கினாலும் விடாது. அந்தக் குரல் அடங்கினாத்தான் கை தளரும். உங்க அப்பாவுக்கு உங்க குரல் தெரியும்லா?”

அதற்கப்புறம் ராஜதுரை நல்ல பிள்ளையாகத் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் ஆறு மணி நேரம் முடிந்ததும், “இப்ப அழலாம் தம்பி” என்றேன். மலங்க மலங்க விழித்தார். வாயிலிருந்து துண்டை எடுத்து, மடித்து, என்னிடம் கொடுத்தார். பிறகு, “வந்தவங்களுக்குச் சாப்பாடு சொல்லணும்” என்று எழுந்து போய்விட்டார்.

எல்லா வீட்டிலும் இதேதான். அடக்கிவைத்த அழுகை ஏழாம் மணிக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. சட்டப்படி அப்போது அழலாம், வீட்டுக்குள் ஒருவர் தனியாக அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள். கூடி அழத்தான் தடை. நானூற்றுப் பன்னிரண்டு வீடு பார்த்திருக்கிறேன். ஏழாம் மணிக்கு அழுதவர் ஒருவர்கூட இல்லை.

கூடி அழத் தடை வந்த கதை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். முதல் மாசம். காது மருந்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. வழக்கம்போல ஒரு சாவு, வழக்கம்போல ஒப்பாரி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எந்திரிச்சு வாய்யா, ஒரு வார்த்தை பேசுய்யா என்று பாடுகிறார்கள். புதிதாக ஒருத்தி சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நகர்ந்து இடம் விடுவார்கள், வந்தவள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையைப் போட்டுக்கொள்வாள். நம் பழக்கம் அது. வா வா என்று அத்தனை குரல் கூப்பிட்டால் செத்தவர் வராமல் என்ன செய்வார்? எழுந்து வந்தார். தலையைக் குனிந்திருந்த பெண்கள் வழக்கம்போல நகர்ந்து இடம் விட்டார்கள்.

அந்த வட்டத்தில் பதினான்கு பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்தப் பதினான்கு பேருக்கும் பதினான்கு வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் அழுது பிழைத்தார்கள் என்று செய்தியில் சொன்னான். நம் பக்கம் தை பிறந்து மாசி முடிவதற்குள் பாதி ஊர் காலி.

எழுந்தவர்கள் அப்புறம் சாவதில்லை. ஆறு மணி நேரக் கணக்கெல்லாம் படுத்திருப்பவர்களுக்குத்தான். எழுந்துவிட்டால் காது அப்படியே நிற்கும். குரல் அடங்கின இடத்தில் அவர்களும் நிற்பார்கள், அடுத்த குரல் வரும்வரை. அவர்களை வெட்டி எரிக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. யாருடைய அம்மாவை யார் வெட்டுவது? ஆணை வரட்டும் என்றார்கள். அதுவரை ஊருக்குக் கிழக்கே உப்பளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதுவும் எப்படி? சொந்தக்காரர்களின் குரலைப் பதிவு செய்து, லாரியில் ஒலிபெருக்கி கட்டி, வா வா என்று கூட்டிக்கொண்டு போய், அங்கே அணைத்துவிட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. இரண்டு வருஷம் ஆகிறது. உப்புக்காற்றில் வேலி துருப்பிடித்துவிட்டது. ஆணை வந்தபாடில்லை.

என் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் தினமும் நாலு மணிக்கு மொட்டை மாடி ஏறுவாள். துணி காயப்போட என்பாள். கையில் துணி இருக்காது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவள் மகள் ஜெனிலா தூரத்தில் தெரியும் அந்த உப்பளத்தில் நிற்கிறாள், மஞ்சள் சுடிதார். “ஜெனி, வாம்மா, சாப்பிட வா” என்று லாரியில் ஒலித்தது இவள் குரல்தான். அன்றைக்குப் பேசியவள் அதற்கப்புறம் சரியாகப் பேசியே நான் பார்த்ததில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் நயினார் தையல்காரர். நாலு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆள் ஒரு மாதிரி என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிப்பார் என்று பிறகுதான் தெரிந்தது. காது மருந்து வந்ததும் எங்கள் ஊரில் முதல் ஊசி அவருக்குத்தான் போட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று. பத்தாம் நாள் கட்டுப் பிரித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்து மிதித்தவர், பதறி எழுந்துவிட்டார். “ஏட்டி, இந்தச் சனியன் இவ்வளவு சத்தமா போடும்? இத்தன வருஷம் இதக் கேட்டுக்கிட்டா இருந்த?” என்றார்.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை கூப்பிட்டதில்லை, கூப்பிட்டும் பிரயோசனம் இல்லை. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஒன் குரலு கரகரன்னு இருக்கு” என்றார். எனக்கு என்ன ஆனதோ, பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவர் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து அழுகையைப் பார்த்தார். நான் கடைசியாக அழுதது அன்றைக்குத்தான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து அவருக்கு இதயம் வீங்கிவிட்டது. மிஷின் மிதிக்க முடியவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“வடிவு, எல்லாம் எங்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும். மொத ஊசி எனக்குத்தான போட்டாவ.”

“நாடு பூரா போட்டாவ. நீங்க என்ன பெரிய இவரா? மாத்திரையப் போடுங்க.”

“நான் போனா நீ அழணும்.”

“எனக்குத்தான் வராதே. அதுக்குத்தான் சம்பளமே.”

“ஆறு மணி நேரம் சும்மா இரு. சட்டம் சட்டம்தான். ஒனக்கு ஒண்ணு ஆயிரக் கூடாது. ஏழாம் மணிக்குச் சத்தமா அழணும். முப்பத்தேழு வருஷம் அந்த அமைதிக்குள்ள கெடந்தவன் நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். திரும்ப அதுக்குள்ளயே என்னைப் போட்டு அனுப்பாத.”

“ஏழாம் மணிக்கு ஒங்க காதும் செத்துருமே. கேக்கவா போகுது?”

“எனக்குக் கேக்க வேண்டாம். தெருவுக்குக் கேக்கட்டும். நயினாருக்கு அழ ஒருத்தி இருந்தான்னு நாலு பேருக்குக் கேக்கட்டும்.”

சரி என்று தலையாட்டிவைத்தேன். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்குப் போனார். காபியில் சீனி குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார், டம்ளர் கையிலிருந்து நழுவியது. நான் முதலில் பார்த்தது கடிகாரத்தை. அதற்காக என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. தாடையைக் கட்டினேன், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன், கொட்டிய காபியைத் துடைத்தேன். பின்வாசலுக்குப் போய் ஆபீசுக்குப் போன் போட்டேன். சொந்த வீட்டுச் சாவுக்கு வேறு ஆள் அனுப்ப வேண்டும் என்பது விதி. மற்ற இரண்டு பேரும் வேறு வீடுகளில் இருந்தார்கள்.

“நீங்களே பார்த்துக்கிடுவீயளா?” என்றார் மேலாளர்.

“பார்த்துக்கிடுதேன்.”

நானூற்றுப் பதின்மூன்றாவது வீடு. பதிவேட்டில் இறந்தவர் பெயர், வயது, நேரம் எழுதினேன். உறவினர் என்ற கட்டத்தில் என் பெயர், பணியாளர் என்ற கட்டத்திலும் என் பெயர். ஒரு துண்டை நனைத்து வாயில் வைத்துக்கொண்டேன், தேவைப்படாது என்று தெரிந்தும்.

முதல் மூன்று மணி நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ஈ ஓட்டினேன். மிஷினில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று கிடந்தது, அதை யாரிடம் கொடுத்து முடிப்பது என்று யோசித்தேன். கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும் என்று நினைவு வந்தது. நயினார் படுத்திருந்தார். தங்கபுஷ்பம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பேசாமல் படியில் உட்கார்ந்தாள்.

நாலாம் மணியில், போயிருந்த கரண்ட் வந்து காற்றாடி சுற்றியது. அவர் மேல் போட்டிருந்த வேட்டி அசைந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பயத்தில் இல்லை. ஆசையில்தான் எழுந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னால் போதும், இவர் கண்ணைத் திறப்பார், என்னைத்தான் கட்டிப்பிடிப்பார். நானூறு வீட்டில் மற்றவர்களை மிரட்டிய எனக்கு அன்றைக்குத்தான் அவர்கள் எதைக் கடித்து விழுங்கினார்கள் என்று தெரிந்தது. காற்றாடியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

மதியம் இரண்டு இருபது. ஓசை இல்லை, அசைவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு வரும்.

வாய்த்துண்டை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. “என்னங்க” என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் யாரோ அந்நியரைக் கூப்பிட்டது போல இருந்தது. நெஞ்சில் இரண்டு அடி அடித்துப் பார்த்தேன், வலித்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனுஷன் கேட்ட ஒரே ஒரு காரியம், அதுகூட என்னால் முடியவில்லை.

எழுந்து மிஷினில் போய் உட்கார்ந்தேன். ரவிக்கையையாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. காலை வைத்து மிதித்தேன். கடகடவென்று அது சத்தம் போட்டது. இந்தச் சனியன் இவ்வளவு சத்தமா போடும் என்று அவர் பதறி எழுந்த முகம் அப்படியே கண்முன் வந்தது.

அவ்வளவுதான். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஏறி வந்து வாயைப் பிளந்தது. “கரகரன்னு இருக்குன்னீயளே! கேட்டுட்டுப் போகக் கூடாதாய்யா! ரெண்டு வருஷம் ஆண்டவன் காது தந்தானே, அதையும் வாயைப் பொத்தி அனுப்பிவிட்டேனே!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது. மறைத்து என்ன செய்ய?

படியில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் எழுந்து உள்ளே பார்த்தாள். அவள் உதடு கோணியது. “எக்கா” என்றாள். அப்புறம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “ஜெனீ... என் தங்கமே... சாப்பிட வான்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய் விட்டனே, ஜெனீ...” என்று அலறினாள்.

அந்த இடத்தில் நான் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குப் பயிற்சி, எப்படிப் பொத்துவது என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் அழுவது வேலிவரை கேட்காது, இரண்டு பேர் என்றால் உடனே நிறுத்த வேண்டும். நான் போய் அவள் தோளில் கையைப் போட்டேன். இரண்டு பேரும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாமியாரையும் நாத்தனாரையும் ஒரே நாளில் பறிகொடுத்த பிரேமலதா துண்டும் கையுமாக நின்றாள். துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்புறம் போஸ்ட்மேன் வீட்டு மருமகள். அப்புறம் கடைசி வீட்டு அக்கா, பெயர் நினைவில்லை, அவள் வீட்டில் நானே மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் நான் துண்டு கொடுத்தவர்கள். ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லி, வா, எந்திரிச்சு வா, ஒரு வார்த்தை பேசு என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை. தலை குனிந்தாகிவிட்டது. இரண்டு வருஷத்து அழுகை அது, யார் சொன்னால் நிற்கும்?

கிழக்கே சங்கு ஊதினார்கள்.

உப்பளத்துக் காவல் சங்கு. இரண்டு வருஷத்தில் ஒத்திகைக்கு மட்டும்தான் ஊதியிருக்கிறார்கள். நிற்பவர்கள் திரும்பினால் ஊத வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கேயிருந்து எங்கள் தெரு இருபத்தைந்து நிமிஷ நடை. ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். போஸ்ட்மேனின் இளைய மகன், ராஜதுரையின் தம்பி, வந்து பொண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நிமிரவேயில்லை. ஒரு நிமிஷம் நின்றவன், இடுப்பிலிருந்த பிள்ளை அழவும் அவளை விட்டுவிட்டு ஓடினான்.

“எல்லாரும் எந்திரிங்க” என்று சொல்ல வேண்டியது நான். எனக்குத்தான் சம்பளம் தருகிறார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து நயினாரே என்றுதான் வந்தது.

எவ்வளவு நேரம் அழுதோமோ தெரியாது. தொண்டை கட்டிவிட்டது, அப்போதும் யாரும் நிறுத்தவில்லை. ஒருமுறை மூச்சு வாங்க நிமிர்ந்தேன். தெருக்கோடி வெயிலில் கண் கூசியது. முதலில் தெரிந்தது மஞ்சள். வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்து, ஆனாலும் மஞ்சள். அவளுக்குப் பின்னால் தெரு அடைத்து ஆட்கள், ஒருவரும் அவசரப்படவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு அது முதுகுப் பக்கம். ஜெனி, ஜெனி என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை உலுக்கலாம். இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தலாம், அதற்கு நேரம் இருந்தது. சாத்திவிட்டு அவள் வாயில் மறுபடியும் துண்டை வைக்க வேண்டும்.

காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. உப்பு வாடை அடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, தங்கபுஷ்பத்தின் தோளிலிருந்து என் கையை எடுத்து, நகர்ந்து இடம் விட்டேன்.